மண்டியிட்ட வண்டி

அண்ணாச்சியின் சட்டைப் பையில் பேனா இருந்து நான் பார்த்ததில்லை. இஞ்ச் டேப் இருக்கும். மஞ்சள் டப்பா, துருப் பிடித்த கொக்கி. கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் கூடவே போகும். ஒருமுறை காளிகாட்டில் எங்களோடு சாமி கும்பிட வந்தவர், வெளியே வந்து செம்பருத்தி மாலை விற்பவனின் பலகையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து பார்த்தார். "எதுக்கு அண்ணாச்சி?" என்றேன். "சும்மாதான் தங்கச்சி. நல்ல அளவுல அடிச்சிருக்கான்" என்றார். பூக்காரன் முறைத்ததை அவர் கவனிக்கவில்லை.

எதையும் அளப்பார். யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதிலிருந்து வந்த வினைதான்.

என் வீட்டுக்காரருக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தபோது லேக் கார்டன்ஸில் ஒரு மாடி வீட்டில் குடியேறினோம். கீழ்வீடு அண்ணாச்சியுடையது. துறைமுகத்துப் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்களும் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்ததும் ஒரே வாரத்தில் அவர் அண்ணாச்சியாகவும் அவர் மனைவி மதினியாகவும் ஆகிவிட்டார்கள். குடிவந்த நாலாம் நாள் கதவைத் தட்டினார். உள்ளே வந்தார், எங்கள் பால்கனியை அளந்தார், போய்விட்டார். இரண்டு நாள் கழித்து ஆளோடு வந்து பால்கனி முழுக்கக் கொசுவலை அடித்துவிட்டார். அருமையான வேலை, ஒரு கொசு நுழைய முடியாது. நான் கொடிக்கம்பை வெளியே நீட்டிச் சேலை காயப்போட்டு வந்ததும் அன்றோடு நின்றது. அங்கே இருந்த ஒன்பது வருடமும் என் சேலைகள் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழேதான் காய்ந்தன.

இதைச் சொல்லிச் சிரித்தபோது மதினி சிரிக்கவில்லை. "ஒனக்கு வலை. எனக்கு வீடு" என்றாள்.

ஓய்வு பெறுகிற வருடம் இந்த வீட்டை வாங்கினாராம். கிரகப்பிரவேசப் பத்திரிகை அச்சாகி வந்து, அதில் தன் பேரைப் பார்த்த பிறகுதான் மதினிக்கு விஷயமே தெரியுமாம். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "ஒங்க அக்கா டாக்குரியாவுல இருக்கால்லா? பக்கத்துலயே இருக்கட்டும்னு ஒனக்காகத்தான வாங்கினேன்" என்றாராம். அது உண்மையும்கூட. அதுதான் அவரிடம் உள்ள பெரிய சங்கடம். அவர் செய்தது எதுவும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. கெட்ட எண்ணம் உள்ள மனிதனாக இருந்தால் ஒருநாள் சண்டை போட்டுத் தீர்த்துவிடலாம்.

"அவுக ஒரு தடவ கேக்கட்டும், நான் சொல்லுதேன்" என்பாள் மதினி. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. இரண்டு பேரில் யாருக்குப் பிடிவாதம் அதிகம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போதும் புரியவில்லை.

மதினிக்கு மூட்டு இரண்டும் தேய்ந்துபோனது. ஆபரேஷனுக்கு இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. உயரமான இடத்தில் உட்கார்ந்தால் மட்டும் கையை ஊன்றி, உடம்பை முன்னே சாய்த்து, ஒரு வழியாக எழுந்துவிடுவாள். அவளுக்கென்று ஒரு உயர நாற்காலி இருந்தது. அதன்மேல் இரண்டு மெத்தை போட்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வந்த வங்காளிப் பெண் மாலதி ஒருநாள் தன் தம்பியைக் கூட்டி வந்து கட்டிலின் நாலு காலுக்கும் கீழே செங்கல் வைத்து உயர்த்தினாள். "இப்போ பௌதி தானே எழுந்திருக்கிறாள், பார்" என்று என்னிடம் வங்காளத்தில் பெருமையாகச் சொன்னாள். அவர்களுக்கு மதினி பௌதி, அண்ணாச்சி தாதா.

கல்கத்தாவில் தரைவீட்டுக் கட்டில்களுக்குச் செங்கல் வைப்பது வழக்கம். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் மெத்தை நனையாது, கீழே பெட்டிகளும் வைக்கலாம். அண்ணாச்சி அன்று சாயங்காலம் கட்டிலைப் பார்த்தார். டேப்பை எடுத்தார். "ஒம்பது இஞ்ச் ஏத்திருக்கா. மழைக்கு முந்தியே செஞ்சிட்டாளே, பெங்காலிக்காரி பெங்காலிக்காரிதான்" என்று மெச்சினார். மதினி கட்டிலில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

டாக்குரியா அக்கா இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையாகிவிட்டாள். அவளுக்குக் காதும் போய்விட்டது. தினமும் பதினொரு மணிக்கு அவளே போன் செய்வாள். அவள் பேசுவாள், மதினி கேட்பாள். மதினி பேசினால் அங்கே ஒன்றும் விழாது. வீடியோவில் முகத்தைக் காட்டலாம் என்று நான் ஏற்பாடு செய்தேன். அக்கா பழக்கத்தில் போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். கால் மணி நேரம் எங்களுக்குத் தெரிந்தது அவளுடைய காதும் தோடும்தான். "நேர்ல போனா என் வாயப் பாத்தே புரிஞ்சுக்கிடுவா. சின்னப் பிள்ளயிலயிருந்து அவளுக்கு என் வாய் தெரியும்" என்றாள் மதினி. அவளுக்கு இருந்த ஒரே ஆசை அது. இரண்டு கிலோமீட்டர் தூரம்.

போகக் கிளம்பினார்கள் ஒருமுறை. செயலியில் கூப்பிட்ட சின்னக் கார் வந்தது. டாக்குரியா வரை போகவே இல்லை. வழியில் மருந்துக்கடையில் இறங்கும்போது, பள்ளமான சீட்டிலிருந்து மதினியால் எழ முடியவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, அண்ணாச்சி அவசரத்தில் கையைப் பிடித்து இழுத்தார். அவள் நிலைகுலைந்து தெருவில் விழுந்தாள். விழுந்ததை அவர் பார்த்தார். எழ முடியாமல் இருந்ததைப் பார்க்கவில்லை. மறுநாள் அதே மாதிரிக் கார் ஒன்றைத் தெருவில் கண்டுபிடித்து, தரையிலிருந்து கதவடி எவ்வளவு உயரம் என்று அளந்துவிட்டு வந்தார். "இதான் விஷயம் தங்கச்சி. ஒங்க மதினிக்குக் கால் தூக்க வரல. வண்டிதான் அவளுக்குத் தாழணும்" என்றார்.

அப்படித்தான் அந்த ஸ்டேஷன் வேகன் வந்தது. இருபது வருடப் பழசு, பின்பக்கம் நீளமானது. மதினியின் உயர நாற்காலியை மடக்க முடியாது என்பதால் அதை அப்படியே வைக்க இடமுள்ள வண்டியாகத் தேடிப் பிடித்திருந்தார். அந்த நாற்காலி ஏன் அவ்வளவு உயரம் என்று நாற்காலியைத் தூக்கி வைத்து அளந்தபோதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

வெளிநாட்டுப் பையன்கள் காரைத் தரையோடு தரையாக இறக்கி ஓட்டுகிற வீடியோக்களை நாள் முழுக்கப் பார்த்தார். அதற்கென்று விற்கிற சாமான்களின் விலையைப் பார்த்துவிட்டு, "இதென்ன, காத்துதான" என்றார். பிறகு மல்லிக் பஜார் பழைய சாமான் சந்தைக்கு நடையாய் நடந்தார். உடைத்துப் போட்ட பேருந்திலிருந்து ரப்பர் பலூன் நாலு. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அவற்றை வைக்க வேண்டும். லாரியின் பிரேக் காற்றுத் தொட்டி ஒன்று. டயருக்குக் காற்றடிக்கிற சின்னப் பம்ப் ஒன்று. ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் வீட்டு அழைப்பு மணியின் சுவிட்சுகள். என் வீட்டுக்காரர் மட்டும் தயங்கித் தயங்கி, "இப்பிடி மாத்துறதுக்குச் சட்டத்துல எடமில்லயே அண்ணாச்சி" என்றார். "டாக்குரியா போய்ட்டு வரதுக்கு எதுக்குச் சட்டம்" என்று அண்ணாச்சி வண்டிக்கடியில் போய்விட்டார்.

அந்த வேலையை அவர் செய்த அழகையும் சொல்ல வேண்டும். மனசு கசந்தவள் என்பதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். பேருந்துப் பலூன் காருக்குப் பெரியது. அதற்கு ஏற்ற தட்டுகளைத் தானே வரைந்து, வெட்டவைத்து, முன்னால் இரண்டு பின்னால் இரண்டு ஒரு நூல் பிசகாமல் பொருத்தினார். ஒவ்வொரு குழாய் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்ப்பார். சோப்புத் தண்ணீர் நான்தான் கலந்து கொடுத்தேன். குமிழி வந்தால் கழற்றுவார், மறுபடி மாட்டுவார். காலையில் நன்றாக நிமிர்ந்து நின்ற வண்டி மத்தியானத்துக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். தெருமுனைக் கிளப்பில் கேரம் ஆடுகிறவர்கள், "தாதா, உங்கள் வண்டிக்குத் தூக்கம் வந்துவிட்டது" என்று சிரிப்பார்கள். அவர் கோபப்பட்டதில்லை. அறுபத்தைந்து வயதில் தார்ச்சாலையில் முதுகு தேயக் கிடந்தார். பெண்டாட்டிக்காக அப்படிக் கிடந்த ஆண்பிள்ளையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஏழு மாதம் ஆனது. நடுவில் துர்கா பூஜைக்குத் தெருவில் மூங்கில் நட்டு வழியை அடைத்ததில் ஒரு மாதம் போனது. அக்கா போனில் பேசுகிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. கால் மணி, பத்து நிமிடம், பிறகு வெறும் மூச்சுச் சத்தம்.

நான் ஒருநாள் மதினியிடம் சொன்னேன். "மஞ்சள் டாக்ஸியில சீட்டு ஒசரமாத்தான இருக்கும். நான் ஒண்ணு கூட்டியாரேன். மாலதி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அரைமணில போய்ரலாம்."

"போலாம். அவுக வந்து பாத்தா என்ன நெனப்பாவ? எனக்காகத் தெருவுல கெடக்காவ."

"அப்பம் வண்டிய தாழ்த்தாதிய, எனக்கு ஒசரந்தான் வேணும்னு அவியகிட்டச் சொல்லுங்க."

"அவுக கேக்கட்டும்" என்றாள்.

"நான் சொல்லட்டுமா மதினி?"

"நீ சொன்னேன்னா ஒன்கூடப் பேசமாட்டேன்." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. இது என்ன வீராப்பு, யாருக்கு நஷ்டம் என்று கேட்க வாயெடுத்து, பெரியவர்கள் குடும்ப விஷயம் நமக்கு எதற்கு என்று எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு நான் எழுந்து வந்திருக்கக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி தயார் என்றார். மதினி பட்டுச்சேலை உடுத்தியிருந்தாள். தெருவே கூடியிருந்தது. அண்ணாச்சி சுவிட்சை அழுத்தினார். உஸ் என்று நீளமாக ஒரு சத்தம். அந்தப் பெரிய வண்டி முன்னும் பின்னும் ஒரே சமமாக இறங்கி, அவள் காலடியில் மண்டி போட்டு நின்றது. கிளப்காரர்கள் கை தட்டினார்கள். அண்ணாச்சி கதவைத் திறந்து டேப்பால் அளந்து காட்டினார். வீட்டு வாசல்படி உயரம்தான் இருந்தது. "கால் தூக்கவே வேண்டாம். ஏறு" என்றார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

மதினி அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். மாலதியும் நானும் கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கினோம். கடைசி அரை அடி அவள் தொப்பென்று விழத்தான் செய்தாள். "பாத்தியா, எவ்வளவு லேசு" என்றார் அண்ணாச்சி. ஏறுவது லேசுதான். கிணற்றில் இறங்குவதும் லேசுதான்.

பின்சீட்டில் நான் உட்கார்ந்தேன். என் தோளுக்குப் பின்னால் அந்த உயர நாற்காலி குலுங்கிக்கொண்டே வந்தது. மதினி வழியெல்லாம் அக்காவிடம் சொல்ல வேண்டியதை உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். முன்கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது.

டாக்குரியாவில் ஒரு சந்தில் அக்கா வீடு. தரைத்தளம். சுற்றுச்சுவரை ஒட்டி அக்கா படுத்திருக்கிற அறையின் ஜன்னல். நாங்கள் வருவது தெரிந்து அவள் மருமகள் தலையணைகளை அடுக்கி அவளைச் சாய்த்து உட்கார வைத்திருந்தாள். அண்ணாச்சி வாசலில் நிறுத்தி வண்டியை இறக்கினார். நாற்காலியை எடுத்து வெளியே போட்டார். "எந்திரி" என்றார்.

மதினி கையை ஊன்றினாள். முடியவில்லை. மறுபடி ஊன்றினாள். அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு இஞ்ச் தாழ்த்தணும்" என்று சுவிட்சை அழுத்தினார். வண்டி இன்னும் கீழே போனது. அவள் முட்டி இடுப்புக்கு மேலே வந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம்" என்று மிச்சமிருந்த காற்றையும் விட்டார். பிறகு அவள் இரண்டு கையையும் பிடித்து இழுத்தார். அவள் கத்தினாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"ஏத்துங்க அண்ணாச்சி" என்று அப்போதுதான் சொன்னேன். "தாழ்த்தாதிய. ஏத்துங்க. ஒசரமா இருந்தாத்தான் மதினிக்கு எந்திரிக்க வரும்."

அவர் என்னைப் பார்த்தார். பட்டறையில் யாரோ தப்பான சாமானை நீட்டியதுபோல ஒரு பார்வை. பிறகு ஏற்றுகிற சுவிட்சை அழுத்தினார். தொட்டியில் காற்று இல்லை. அந்தச் சின்னப் பம்ப் கடகடவென்று ஓடி, சூடாகி, நின்றுவிட்டது.

அக்கா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி தரையோடு கிடந்ததால் சுவருக்கு மேலே அவளுக்குத் தெரிந்தது வண்டியின் கூரை மட்டும்தான். மதினிக்கு ஜன்னல் தெரியவில்லை, சுவர் தெரிந்தது. நான் நடுவில் நின்றேன், எனக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள். அக்கா அந்தக் கூரையைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "கைய ஆட்டுதாவ மதினி" என்றேன். மதினி கீழே கிடந்து உதட்டை அசைத்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததைத்தான் சொன்னாள். பார்க்க யாருமில்லை.

அக்காவின் மகன் வந்து, "நாலு பேராத் தூக்கிருவோம் சித்தி" என்றான். முட்டி அதற்குள் வீங்கிவிட்டது, தொட விடவில்லை. "என்னைய மூட்ட மாதிரித் தூக்கிட்டுப் போயி அவ முன்னால போடாதிய. வீட்டுக்குப் போவம்" என்றாள். மருமகள் கொண்டுவந்த டீ ஆறிப்போனது. பம்ப் சூடு தணிந்து வண்டி எழும்ப முக்கால் மணி நேரம் ஆனது. மதினி அதற்குள் கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள், திறக்கவில்லை. ஒருவரும் உட்காராத நாற்காலியை நானே தூக்கி உள்ளே வைத்தேன்.

அதன்பிறகு மதினி படுக்கையிலிருந்து இறங்க ஐந்து வாரம் ஆனது. அக்கா மூன்றாவது வாரம் இறந்துபோனாள். கடைசிவரை, தங்கச்சி வந்தாள் என்று மருமகள் எழுதிக் காட்டினால், "வண்டி வந்துச்சு" என்று மட்டும் சொல்வாளாம்.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணாச்சி மாடியேறி வந்தார். கூடத்தில் காய்ந்துகொண்டிருந்த சேலைகளை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கட்டிலுக்குச் செங்கல் வச்சது மழைக்கு இல்லயாமே? மாலதி சொல்லுதா."

"ஆமா அண்ணாச்சி."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அதற்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. "அவ ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்று கேட்டார்.

"மதினி கீழதான இருக்காவ. போயி அவியளயே கேளுங்க" என்றேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது.

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. இறங்கிப் போனார். கொசுவலை வழியாகப் பார்த்தேன். வீட்டுக்குள் போகவில்லை. வண்டிக் கதவைத் திறந்து, தரையிலிருந்து சீட்டு வரை டேப்பை நீட்டி அளந்துகொண்டிருந்தார். கீழ்வீட்டு ஜன்னலில் மதினியின் கை கம்பியைப் பிடித்திருந்தது. அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

நாங்கள் மாற்றலாகி வந்து நாலு வருடமாகிறது. எப்போதாவது மதினி போன் செய்வாள். போன மாதம் பேசும்போது, "வண்டிய இப்பம் நல்லா ஏத்திட்டாவ. என் கட்டில் ஒசரத்துக்கே நிக்கி. ஒரு நூல் வித்தியாசம் இல்ல" என்றாள்.

"நல்லதாப் போச்சு மதினி."

"ஆமா. தெனம் தொடச்சு வைக்காவ." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "எனக்கு எங்க போணும்னுதான் இன்னும் கேக்கல."

நானும் கேட்கவில்லை. அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.